தோலின் ஆட்சேபம்

முகத்தில் முளைக்கும் ரோமத்தை எந்த முறையில் நீக்குவது என்பது பெண்கள் பத்திரிகைகளின் கேள்வி-பதில் பகுதியைச் சேர்ந்த விவகாரம். அங்கே அதற்குப் பதிலும் கிடைத்துவிடுகிறது. கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு, அல்லது நல்ல அழகு நிலையமாகப் பார்த்துப் போகவும். இவ்வளவு சுலபமாகப் பதில் கிடைக்கிற கேள்விகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. 'எந்த முறை நல்லது?' என்கிறோம். யாருக்கு நல்லது என்று கேட்பதில்லை. எனக்கும் என் தோலுக்கும் நலன் ஒன்றே என்று வைத்துக்கொண்டுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. தொட்டதற்கெல்லாம் சிவந்து எரியும் தோலை உடையவளுக்கு இந்த அனுமானம் செல்லாது. அவளுக்கும் அவள் தோலுக்கும் இடையே ஒரு தகராறு நடந்துகொண்டிருக்கிறது. அதில் தோலின் தரப்பை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. நான் இங்கே சொல்ல முயல்வது அந்தத் தரப்பைத்தான்.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. முப்பது வயதிலிருந்து மோவாயிலும் மேலுதட்டின் இரு ஓரங்களிலும் ரோமம் உண்டு. பூனைமுடி இல்லை, கறுத்து, தடித்து, கைக்குத் தட்டுப்படுகிற ரோமம். பூனைமுடி என்ற சொல்லாவது தமிழில் இருக்கிறது, செல்லமாகவே இருக்கிறது. மற்றதற்கு ஒரு பெண்ணின் முகத்தை வைத்துச் சொல்லக்கூடிய சொல் கிடையாது. மீசை என்றும் தாடி என்றும் ஆணிடமிருந்து கடன் வாங்கிப் பரிகாசமாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் 'அது' என்று சொல்லிக் கையால் மோவாயைக் காட்டலாம். என் பெரியம்மா கையால்தான் காட்டுவாள்.

சென்ஸிடிவ் ஸ்கின் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதை மருத்துவர்கள் நோய் என்று கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீர், காற்று, சோப்பு, வியர்வை என்று சாதாரணமாக எந்தத் தொந்தரவும் தரக்கூடாத ஒன்று எரிச்சலாக, குத்தலாக, அரிப்பாக உணரப்படுவது. தோல் சிவக்கலாம், சிவக்காமலும் போகலாம். 2017ல் சர்வதேச ஆய்வாளர் குழு ஒன்று தந்த வரையறையின் சாரம் இவ்வளவுதான். அதாவது இதற்கு அத்தாட்சி, உணர்கிறவளின் வாய்ச்சொல். பல சமயம் வெளியே எதுவும் தெரியாது. எரிகிறது என்று அவள் சொன்னால் நம்ப வேண்டும், அல்லது நம்பாமல் இருக்கலாம். இந்த இடத்திலேயே விஷயம் அழகுக்கலையை விட்டு நகர்ந்து வேறு தளத்துக்கு வந்துவிடுகிறது. ஒருவரின் வலியைப் பற்றி மற்றவர் எடுக்கும் தீர்மானம் எந்தத் தளத்தைச் சேர்ந்ததோ, இதுவும் அந்தத் தளத்தைச் சேர்ந்தது.

எங்கள் ஊரில் ஒரு அழகு நிலையம். பெண்களுக்கு மட்டும் என்று எழுதி, வாசலில் கனத்த திரை. உள்ளே பல்லில் நூலின் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் முறுக்கி, ஒரு பெண் என் மோவாயில் த்ரெடிங் செய்கிறாள். இருபத்திரண்டு வயதிருக்கும். நல்ல கைவேகம்.

'எரியுதும்மா.'

'கொஞ்சம் எரியத்தான்க்கா செய்யும். பழகிடும்.'

'போன தடவையும் கொப்புளம் கொப்புளமா வந்துச்சு.'

'அது ஒங்க ஸ்கின் அப்படிக்கா.'

அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் ஒரு நாளைக்கு நாற்பது முகங்களைப் பார்க்கிறவள். நான் கவனித்தது அந்தக் கடைசி வாக்கியத்தை. முறை சரியானது, தோல்தான் தவறு என்று அது சொல்லிற்று. நானும் அதை ஏற்றுக்கொண்டு காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இரண்டு நாளில் ஒவ்வொரு ரோமக்காலும் வீங்கிச் சீழ் வைத்தது. கொப்புளம் ஆறிய பிறகு அது இருந்த இடமெல்லாம் கறுப்பாகத் தங்கிற்று. நம் நிறத்துத் தோல் எந்த அழற்சிக்கும் கருமையை இறக்கித்தான் பதில் சொல்கிறது; அந்தக் கருமை கலைய மாதக்கணக்கில் ஆகும். எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. ரோமம் இருந்தபோது சற்றுத் தள்ளி நின்றால் தெரியாது. அதை நீக்கியதால் வந்த கறுப்பு தெருக்கோடியிலிருந்தே தெரிந்தது.

நூலும் சரி, மெழுகும் சரி, பிடுங்குகிற முறைகள். ரோமத்தை அதன் வேரோடு எடுக்க வேண்டும் என்பது இவற்றின் கொள்கை. மெழுகு ரோமத்தோடு தோலின் மேலடுக்கிலும் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது. முகப்பருவுக்காக வைட்டமின் ஏ வகைக் களிம்பு பூசுகிறவர்கள் முகத்தில் மெழுகு போட்டால் தோலே உரிந்து வந்துவிடும். களிம்பு முறையோ வேறு மாதிரி. கொள்கை ரீதியில் அது எனக்கு மிகவும் சுவாரஸ்யமானது. கடையில் கிடைக்கும் ரோம நீக்கிக் களிம்புகளில் பெரும்பாலானவை தையோகிளைகாலிக் அமிலத்தின் உப்புகளைக் கொண்டவை. ரோமம் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தின் இழைகளைப் பிணைத்திருக்கும் கந்தகக் கட்டுகளை இவை அறுத்துவிடுகின்றன, ரோமம் கூழாகிவிடுகிறது. இதற்குக் கடுமையான காரத்தன்மை வேண்டும். தோலின் இயல்பான பி.எச். ஏறக்குறைய 5, இந்தக் களிம்புகளுடையது 12ஐ ஒட்டி வரும். ஆனால் தோலின் மேலடுக்கும் கெராட்டினால் ஆனதுதான். எது ரோமம், எது தோல் என்று களிம்புக்குத் தெரியாது. டப்பாவில் அச்சிட்டிருக்கிற 'ஐந்து நிமிஷத்தில் கழுவிவிடவும்' என்ற வரி ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. முகத்துக்கும் மயிருக்கும் உள்ள பேதம் ஐந்து நிமிஷம்!

அந்த டப்பாவிலேயே இன்னொரு வரியும் இருக்கும். முதலில் சிறிய இடத்தில் தடவிப் பார்த்து 24 மணி நேரம் காத்திருக்கவும். இதை யாரும் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் நாளை என்றால் களிம்பு இன்று வாங்கப்படுகிறது. ஆனால் இந்த முறைகள் அத்தனையிலும் தோலிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கென்று இருக்கிற ஒரே சம்பிரதாயம் அதுதான். முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் தடவிவிட்டு, ஒரு பகலும் ஒரு இரவும் பொறுத்திருந்து பதிலை வாங்கிக்கொள்வது.

சரி, தோலைக் கேட்டால் அது எதைச் சொல்லும்? இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நான் கடைசியாகப் போன தோல் மருத்துவர் — வயதான பெண்மணி — பத்து வார்த்தைக்குள் முடித்துவிட்டார். 'எதுக்கு நூலும் மெழுகும்? ரேஸர் போதும். இல்லேன்னா சின்ன ட்ரிம்மர்.' முகத்தை நனைத்து, ஏதாவது வழவழப்பாகத் தடவி, ரோமம் சாய்ந்திருக்கிற போக்கிலேயே, அழுத்தாமல். ட்ரிம்மரானால் தோலைத் தொடுவதே இல்லை. அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்து மேலே கத்தரித்துக்கொண்டு போகிறது. வேரைத் தொடாத முறை, ஆகவே வேரைச் சுற்றி இருப்பதையும் சீண்டாத முறை. ரோமம் ஒன்றிரண்டு நாளில் மறுபடி தெரியும். தெரிந்தால் மறுபடி மழிக்க வேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னேன். பெரியம்மா எழுந்தே விட்டாள். 'ஐயையோ, பொம்பளை மூஞ்சியில கத்தி படலாமாடி? கட்டை கட்டையா மொளைக்கும்.'

மழித்தால் ரோமம் தடித்து வளரும் என்ற நம்பிக்கை நம்முடையது மட்டும் அல்ல. 1928லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் — அவரும் பெண்தான் — மழிப்பதால் ரோமத்தின் கனமோ நிறமோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று அளந்து எழுதிவிட்டார். 1970ல் இரண்டு ஆய்வாளர்கள் சில இளைஞர்களின் ஒரு காலை மட்டும் வாரா வாரம் மழித்து மற்ற காலை விட்டுவைத்து, மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. இயல்பாக வளர்ந்த ரோமத்தின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். கத்தி குறுக்கே வெட்டியதும் நுனி மொட்டையாகிவிடுவதால் கைக்குச் சொரசொரக்கிறது. விஷயம் அவ்வளவே. ஏறத்தாழ நூறு வருஷமாகப் பொய்யென்று தெரிந்த ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது என்றால், அது உண்மை என்று நம்பப்படுவதால் இருக்க முடியாது. அது வேறு ஏதோ ஒன்றுக்கு உபயோகப்படுகிறது. பெரியம்மா சொன்ன இரண்டு வாக்கியங்களில் இரண்டாவது காரணம் போலத் தோன்றும். முதலாவதுதான் காரணம்.

பெண்ணின் மேல் கத்தி படலாமா? நம் ஊரில் பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பழநியிலும் திருப்பதியிலும் குடும்பத்தோடு உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்ளும் பெண்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! முடி இறக்கிய தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அவர்கள் கடைத்தெருவில் வளையல் விலை கேட்கிறார்கள். யாருக்கும் கூச்சமில்லை. அதே கத்தி பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்ணின் தலையைத் தேடி மாதா மாதம் கொல்லைப்புறமாக வந்தது. அதற்கு யாரும் அவளுடைய சம்மதத்தைக் கேட்டதில்லை. ஆகவே கத்திக்கும் பெண்ணுக்கும் தொடர்பே இல்லை என்பதல்ல பிரச்னை. தெய்வம் வாங்கிக்கொள்ளலாம், சாவு வாங்கிக்கொள்ளலாம். அவளாகக் கண்ணாடி முன் நின்று, தன் சௌகரியத்துக்காக, தன் கையால் எடுத்துக்கொள்வதுதான் ஆகாது.

கத்தி ஆணின் கருவி என்பது இதில் பாதி. மீதிப் பாதியைக் கண்டுகொள்ள எனக்குச் சில வருஷங்கள் ஆயின. நூல் போட்டால் மூன்று வாரம் தாங்கும். மெழுகு போட்டால் நான்கு. அந்த மூன்று நான்கு வாரங்கள் நான் முகத்தில் ரோமம் முளைக்கிற பெண் அல்ல. அப்படி நடமாடலாம், அப்படியே நினைத்துக்கொள்ளவும் செய்யலாம். கத்தி இந்தச் சலுகையைத் தருவதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை கண்ணாடி முன்னால் நிறுத்தி, 'இது உனக்கு முளைக்கிறது' என்று சொல்லவைத்துவிடுகிறது. தோலுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்யும் முறை எதுவோ அதுதான் நினைவூட்டிக்கொண்டே இருக்கிற முறையாகவும் இருக்கிறது. வேரோடு பிடுங்குகிறவள் ரோமத்தைப் பிடுங்குவதற்காக மட்டும் வலியைப் பொறுத்துக்கொள்வதில்லை. அவள் அங்கே மறதியை வாங்குகிறாள். விலையைக் கொடுப்பது தோல்.

இது நியாயமா என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி. என் தோல் நான்தானே, என்னிடமிருந்து நானே வாங்கி எனக்கே கொடுப்பதில் என்ன அநியாயம் என்று கேட்கலாம். பிறருக்குத் தீங்கில்லாதவரை அவரவர் உடம்பு அவரவர் விருப்பம் என்று தாராளவாதம் இந்த இடத்தில் கையைக் கழுவிவிடும். எனக்கு அது போதவில்லை. மறதியை விரும்புகிற நானும் எரிச்சலை அனுபவிக்கிற நானும் ஒருவரே என்றால், எரிகிறது என்று நான் சொன்னபோது 'பழகிடும்' என்ற பதிலை ஏன் அவ்வளவு நிம்மதியோடு வாங்கிக்கொண்டேன்? மற்றவர்கள் கண்ணுக்குக் கட்டுப்பட்ட ஒருத்தி எனக்குள் இருந்து, இன்னொருத்தியின் வாயை அடைத்தாள். வீட்டில் நடப்பதும் இதுதான். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக வீட்டுக்குள் ஒருத்தி பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுத்துக்கொள்கிறவள் யார் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும்.

ஆண்களின் பக்கத்தைப் பார்க்கலாம். அவர்கள் தோலும் எரிகிற தோல்தான். அப்பா ஜன்னல் கம்பியில் சிறிய கண்ணாடியை மாட்டிவைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களோடு பேசிக்கொண்டே மழித்துக்கொள்வார். வெட்டுப்பட்டால் படிகாரக் கட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் சலூன். சலூன்காரர் வெந்நீரில் தோலை ஊறவைப்பதும், விரலால் இழுத்துப் பிடிப்பதும், ரோமத்தின் போக்கைத் தடவிப் பார்த்து, எதிர்ப்போக்கில் இந்த ஆளுக்கு ஆகாது என்று நினைவில் வைத்திருப்பதும் நுட்பமான ஞானம். தலைமுறை தலைமுறையாக வந்தது. அந்தச் சமூகத்தார் மருத்துவர் என்றே அழைக்கப்பட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். எரிகிற முகத்தை எப்படி மழிக்க வேண்டும் என்பது நம்மிடம் இல்லாத அறிவு அல்ல. தெருவின் எதிர்ச்சாரியில், கதவு கூட இல்லாத கடையில், எல்லோர் பார்வையிலும் அது இருந்தது. பெண்ணுக்குத் தாடி கிடையாது என்பது அதிகாரபூர்வமான உண்மை ஆகையால் அந்த அறிவு தெருவைத் தாண்டி எங்களிடம் வரவில்லை. ஒன்றை இல்லை என்று சாதித்துவிட்டால் அதைப் பராமரிக்கும் அறிவும் இல்லாமல் போய்விடுகிறது.

மஞ்சளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சளும் குப்பைமேனி இலையும் கோரைக்கிழங்கும் அரைத்துப் பூசி ரோமம் உதிர்ந்ததை என் கண்ணால் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தில் வேறொரு நல்லது இருந்தது. ஆற்றுப் படித்துறையில் கல்லில் மஞ்சளை உரைத்து எல்லாப் பெண்களும்தான் பூசிக்கொண்டார்கள். முளைத்தவளும் பூசினாள், முளைக்காதவளும் பூசினாள். யார் எதற்காகப் பூசுகிறாள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. திரை தொங்கும் அறைக்குள் முறை வந்தபோதுதான் அது தனி ஒருத்தியின் குற்றமாகிவிட்டது. பழமையைப் போற்றுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதே படித்துறைக்குக் கைம்பெண்கள் மஞ்சளில்லாமல் வந்து போனார்கள்.

மறதியை மூன்று வாரத்துக்குப் பதிலாக ஆயுள் முழுவதற்கும் விற்க முடியுமா என்பது ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் முயற்சி. மின்சாரத்தால் ரோமக்காலைச் சுடுவது 1875ல் ஆரம்பித்தது. செயின்ட் லூயிஸ் நகரின் கண் மருத்துவர் சார்ல்ஸ் மிஷெல், கண்ணுக்குள் மடிந்து குத்தும் இமை ரோமத்துக்காகச் செய்தார். தேவை அங்கே உண்மையான தேவை. பிறகு வந்ததுதான் பயங்கரம். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட மறு வருஷமே, 1896ல், வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் ஒரு சிறுமியின் முதுகில் ரோமம் அடர்ந்த மச்சத்தின் மேல் அதைச் செலுத்தினார். ரோமம் உதிர்ந்தது. பின்னர் புண்ணும் வந்தது. 1920களில் அமெரிக்காவில் 'ட்ரைக்கோ' என்ற பெயரில் எக்ஸ்ரே பெட்டிகள் அழகு நிலையங்களுக்கே வந்துவிட்டன. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, முகத்தைப் பெட்டிமுன் வைத்துக்கொண்டு சில நிமிஷம் உட்கார்ந்தால் போதும். தோல் அப்போது ஆட்சேபிக்கவே இல்லை. ஆட்சேபம் வருஷங்கள் கழித்துச் சுருக்கமாகவும் ஆறாத புண்ணாகவும் புற்றுநோயாகவும் வந்தது. 1930களின் தொடக்கத்தில் 'கோரெம்லு' என்றொரு களிம்பு. அதில் இருந்தது எலி பாஷாணமாக உபயோகித்த தாலியம். பூசிய பெண்களில் சிலருக்குக் கால் விழுந்தது, சிலருக்குக் கண் போயிற்று. அமெரிக்க அரசு 1938ல் ஒப்பனைப் பொருள்களையும் சட்டத்துக்குள் கொண்டுவருவதற்கு முன்னால், அந்தத் துறை நடத்திய கண்காட்சியில் இந்தக் களிம்பும் ஒரு காட்சிப்பொருள்.

இதைப் படிக்கும்போது அந்தப் பெண்களை முட்டாள்கள் என்று சொல்லத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. எரிகிற தோல் கொடுத்துவைத்த தோல் என்று நினைத்துக்கொண்டேன். அது உடனே சொல்லிவிடுகிறது.

லேசர் இந்த வரிசையில் வராது. அது நாணயமான விஞ்ஞானம். ஆனாலும் அதன் தர்க்கத்தைப் பார்க்க வேண்டும். 1983ல் ஆண்டர்ஸன், பாரிஷ் என்ற இருவர் விளக்கிய தத்துவப்படி, ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை ஒரு குறிப்பிட்ட நிறப்பொருள் மட்டும் உறிஞ்சிச் சூடாகும், சுற்றியிருப்பது தப்பிக்கும். ரோமத்தின் கறுப்பை ஒளி தேடிப் போகிறது. வெள்ளைத் தோலில் கறுப்பு ரோமமானால் இலக்கு தெளிவு. என் தோலில் கறுப்பு ரோமத்திலும் இருக்கிறது, அதைச் சுற்றியும் இருக்கிறது. களிம்புக்கு ஏற்பட்ட அதே குழப்பம் ஒளிக்கும். நீண்ட அலைநீளக் கருவிகள் வந்த பிறகு — 1064 நானோமீட்டர் — கறுத்த தோலுக்கும் ஓரளவு பத்திரமாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஹார்மோன் காரணமாக வரும் முகரோமத்தில் சிலருக்கு, நம் போன்ற நிறத்தவருக்கு அதிகமாக, லேசர் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் புது ரோமம் கிளம்புவதும் உண்டு. தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரித்து லேசர் நிலையங்களில் நம்மை ஐந்து என்றும் நான்கு என்றும் எழுதிக்கொள்கிறார்களே, அந்த ஃபிட்ஸ்பாட்ரிக் அட்டவணை 1975ல் வந்தபோது அதில் வெள்ளைத் தோலின் வகைகள்தான் இருந்தன. நாம் பின்னால் சேர்க்கப்பட்டவர்கள்.

நம் இலக்கிய நண்பர்களுக்கு மார்ஸல் டூஷாம்ப்பைத் தெரியும். 1919ல் மோனாலிஸா படத்துக்கு மீசையும் குறுந்தாடியும் வரைந்தவர். 1965ல் அவர் இன்னொன்று செய்தார். எதுவும் வரையாத மோனாலிஸாவின் பிரதியை அழைப்பிதழில் ஒட்டி, 'மழிக்கப்பட்டது' என்று பெயரிட்டார். முதல் வேலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். படம் பழைய படமேதான், ஒரு கோடு கூட மாறவில்லை, ஆனால் அது இனி மீசை முளைக்காத முகம் ஆகாது. மழித்த முகம் என்றுதான் அதைப் பார்க்க முடியும். நிரந்தரமாக நீக்கிக்கொண்ட பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் விரல் மோவாயைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எஃப்லார்னிதைன் என்றொரு மருந்து. புற்றுநோய்க்காகத் தயாரிக்கப்பட்டு, ஆப்பிரிக்காவின் தூக்க நோய்க்கு அபாரமாக வேலை செய்வது தெரிந்து, 1990ல் அதற்காக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நினைவு தப்பிக் கிடந்தவர்களை எழுப்பியதால் அதற்கு உயிர்த்தெழுப்பும் மருந்து என்றே பெயர். வாங்க வேண்டியவர்களிடம் காசில்லை. 1995ல் உற்பத்தி நின்றுவிட்டது. அதே மருந்து பெண்களின் முகரோம வளர்ச்சியைத் தாமதப்படுத்துவது தெரிந்தது. 2000ல் முகக்களிம்பாக அங்கீகாரம் கிடைத்தது. ஒரு பக்கம் மருந்தில்லாமல் சாகிறவர்கள், மறு பக்கம் அதே மருந்து மேலுதட்டுக்கு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வற்புறுத்தியதில் 2001ல் நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து தர ஏற்பாடாயிற்று. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக மேலைநாட்டுப் பெண்களின் அற்பத்தனத்தைச் சொல்லி முடிப்பார்கள். மீசை முளைத்த பெண் தன் தெருவில் என்ன படுகிறாள் என்று தெரிந்தவர்கள் அப்படி முடிக்க முடியாது. கூச்சம் அற்பமானது அல்ல. அது வாங்கும் சக்தி உள்ள கூச்சம், சாவோ வாங்கும் சக்தி இல்லாத சாவு. மருந்துக்கு எது முக்கியம் என்பதைத் தீர்மானித்த சந்தைக்கு இரண்டில் எதன் மேலும் கருணை கிடையாது.

'ஏன் நீக்க வேண்டும்? அப்படியே விட்டுவிடுங்கள்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆண்கள், அதிலும் முற்போக்கானவர்கள். ஃப்ரீடா காலோ தன் மேலுதட்டு ரோமத்தைத் தன் ஓவியங்களில் விடாமல் வரைந்ததைச் சுட்டிக்காட்டுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈரானில் பெண்ணின் மெல்லிய மீசை அழகாகவே எண்ணப்பட்டது என்பதும் நிஜம். ஓவியர்கள் அதை மெனக்கெட்டு வரைந்திருக்கிறார்கள். கொள்கை அளவில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தன் கொள்கையைப் பிறத்தியாளின் மோவாயில் வளர்க்கச் சொல்கிறவரிடம் எனக்கு மரியாதை இல்லை. பஸ்ஸில் போகிறவள் அவள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன் உட்காருகிறவள் அவள். விட்டுவிடுவதும் ஒரு முறைதான். எல்லா முறைகளையும் போல அதற்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள். கொடுக்க முடிந்தவள் கொடுக்கட்டும்.

இதில் மருத்துவம் சம்பந்தப்பட்ட ஒன்றைத் தவிர்க்கக் கூடாது. திடீரென்று ரோமம் பெருகினாலோ, அதோடு மாதவிலக்கு தவறினாலோ, குரல் கனத்தாலோ, அது உள்ளே ஏதோ நடப்பதன் தகவல். சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு அதில் மிகச் சாதாரணமானது. தகவலைப் படிக்காமலே அழித்துவிடுவதற்கு அழகு நிலையங்கள் மிகவும் சௌகரியமாக இருக்கின்றன.

என் அண்ணன் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவளுக்கும் என் மோவாய்தான், என் தோல்தான். போன மாதம் வந்திருந்தாள். மேற்சொன்ன அத்தனையையும், இவ்வளவு கோர்வையாக இல்லாவிட்டாலும், அவளிடம் சொன்னேன். டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதில் என்னைவிடச் சமர்த்து. நான் பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் என் ட்ரிம்மரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

'ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு நாலு பேர் அத்தை. மூணு நாளைக்கு ஒரு தடவை இதை எங்கே வச்சுப் பண்ணுவேன்?'

பாத்ரூமில் என்று சொன்னேன். வாசலில் எப்போதும் வரிசை நிற்கும் என்றாள்.

அவள் லேசர்தான் செய்துகொள்ளப் போகிறாள். நீண்ட அலைநீளக் கருவி இருக்கிற இடமா என்று கேட்கச் சொன்னேன், கேட்டிருக்கிறாள். முதலில் காதுக்குக் கீழே, தாடையோரமாக ஒரு சின்ன இடத்தில் மட்டும் பார்த்துவிட்டுச் சில வாரம் பொறுத்திருந்து மேற்கொண்டு செய்வார்களாம். போன வியாழக்கிழமை அந்த இடத்தில் ஒளியைச் செலுத்தியிருக்கிறார்கள். ராத்திரி கொஞ்சம் சிவந்திருந்ததாகவும் காலையில் குறைந்துவிட்டதாகவும் போனில் சொன்னாள். கறுக்குமா என்பது தெரிய இன்னும் நாளாகும்.